கம்பளி போர்த்திய யானை: தமிழின் அறிவியல் புனைவுப் படம் எது?

தமிழில் எடுக்கப்பட்ட முதல் அறிவியல் புனைவுப் படம் எது? 1952இல் வெளியான ‘காடு’ என்பார் ஒருவர். இல்லை, 1963இன் ‘கலை அரசி’ என்பார் இன்னொருவர். இரண்டுமே மாயாஜாலம், 2010இல் ‘எந்திரன்’ வந்த பிறகுதான் கணக்கே தொடங்குகிறது என்று மூன்றாமவர் அடித்துச் சொல்வார். டீக்கடையிலும் கல்லூரி விடுதியிலும் காமிக்ஸ் இதழ்களின் வாசகர் கடிதங்களிலும் நடந்துவரும் இந்த வழக்கு ஆண்டுக் கணக்கைப் பற்றியது போலத் தோன்றும். கொஞ்சம் கிளறினால் இரண்டு பழைய கேள்விகள் வெளியே வரும்: எதை அறிவியல் புனைவு என்று ஒப்புக்கொள்வது? அதை எப்போது தமிழ்ப்படம் என்று ஒப்புக்கொள்வது?

இந்த வழக்கைச் சென்னையில் உட்கார்ந்து பேசுவதே வழக்கமாகிவிட்டது. கள்ளக்குறிச்சியிலிருந்து பார்த்தால் சில சங்கதிகள் வேறு மாதிரித் தெரிகின்றன. சின்னசேலம், ஆத்தூர், வாழப்பாடி என்று மேற்கே போகும் சாலை சேலத்தில் சேர்கிறது. முதலிடத்துக்கு உரிமை கோரும் படத்தைத் தயாரித்த ஸ்டுடியோ அங்கேதான் இருந்தது. இடையில் கல்வராயன் மலை, இரண்டு மாவட்டங்களுக்கும் பொதுவாகக் கிடக்கிறது. ஊருக்கு ஒரு வழியாகவும் மலைக்கு வேறு வழியாகவும் வந்த படங்களைப் பற்றிப் பேசும்போது, யார் பார்த்தார்கள், எந்த மொழியில் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

முதல் என்ற பட்டம்

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸை 1935இல் தொடங்கியவர் டி.ஆர். சுந்தரம். மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ (1938), தமிழின் முதல் முழு வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) என்று ‘முதல்’களைக் குவித்த நிறுவனம் அது. 1952இல் அமெரிக்க இயக்குநர் வில்லியம் பெர்க்குடன் சேர்ந்து ‘தி ஜங்கிள்’ என்ற படத்தைத் தயாரித்தது. ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி விண்ட்சர் ஆகிய அமெரிக்கர்களோடு எம்.என். நம்பியாரும் நடித்தார். தமிழில் அதன் பெயர் ‘காடு’. காட்டு யானைகள் வெறிகொண்டு ஊர்களை அழிக்கின்றன. காரணம் தேடிப் போகும் குழு, என்றோ அழிந்துவிட்டதாக நம்பப்பட்ட மாமூத்துகளைக் காண்கிறது. மாமூத்துகளாக நடித்தவை கம்பளி ரோமம் போர்த்தப்பட்ட நம் யானைகள்தாம்.

இந்தியாவின் முதல் அறிவியல் புனைவுப் படம் என்று ‘காடு’ பல பட்டியல்களில் இடம்பெறுகிறது. அதற்கு ஆதரவான வாதம் எளிது. அழிந்த உயிரினம் ஒன்று எங்கோ ஒரு மூலையில் தப்பிப் பிழைத்திருந்தால் என்ன ஆகும் என்ற அனுமானத்தின்மேல் கதை நிற்கிறது. ஆர்தர் கோனன் டாயில் 1912இல் ‘தி லாஸ்ட் வேர்ல்ட்’ நாவலில் கையாண்ட அனுமானம் அது. மேற்கில் அந்த வகை அறிவியல் புனைவின் ஒரு கிளையாகவே எண்ணப்படுகிறது. எதிர்வாதமும் வலுவானது. படத்தின் பெரும்பகுதி காட்டுப் பயணமும் வேட்டையும்; மாமூத்துகள் கடைசிப் பகுதியில் வந்து போகின்றன, அவை எப்படிப் பிழைத்தன என்று யாரும் மெனக்கெடுவதில்லை. இயக்குநர், முதன்மை நடிகர்கள் எல்லாரும் அமெரிக்கர்களாக இருக்கையில் அது தமிழ்ப்படமா என்ற சந்தேகம் வேறு.

‘கலை அரசி’யிடம் இந்தக் குறைகள் இல்லை. ஏ. காசிலிங்கம் இயக்கி, எம்.ஜி.ஆரும் பானுமதியும் இரட்டை வேடங்களில் நடித்த படம். வேற்றுக் கோளில் விஞ்ஞானம் வளர்ந்திருக்கிறது, கலை வளரவில்லை. அதனால் அங்கிருந்து வருபவர்கள் பூமியிலிருந்து ஒரு பாடகியைக் கடத்திக்கொண்டு போகிறார்கள், தங்கள் மக்களுக்குச் சங்கீதம் கற்றுத் தர. கடத்த வருபவன் இங்கேயும் நம்பியார்தான். யூரி ககாரின் விண்வெளிக்குப் போய் இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த காலம். வேற்றுக் கோளும் விண்கலமும் கதையின் ஓரத்தில் இல்லை. அவற்றை எடுத்துவிட்டால் கதையே கிடையாது. எதிர்த்தரப்பு சொல்வது: ராஜகுமாரியை அசுரன் தூக்கிப் போகும் கதைக்கு விண்கலம் மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இந்தக் குறையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஆளைக் கடத்தக் காரணம் பொன்னோ பெண்ணாசையோ அல்ல, கலை என்று வைத்தது புதிய யோசனை. விஞ்ஞானத்தில் முந்தியவர்கள் வேறொன்றில் பிந்தியிருக்கலாம் என்று ஒரு வெகுஜனப் படம் 1963இல் சொன்னது சாதாரணமல்ல.

 

1963க்கும் 2010க்கும் நடுவே இருப்பவற்றை ரசிகர்கள் விரைவாகக் கடந்துவிடுகிறார்கள். கடத்தப்பட்ட ஏவுகணையும் கம்ப்யூட்டருமாக சுஜாதா எழுத, ராஜசேகர் இயக்கிய ‘விக்ரம்’ (1986), செத்தவனை எழுப்பும் வேலு பிரபாகரனின் ‘நாளைய மனிதன்’ (1989), அதன் தொடர்ச்சியான ‘அதிசய மனிதன்’ (1990), தெலுங்கிலிருந்து ‘அபூர்வ சக்தி 369’ என்று தமிழுக்கு வந்த சிங்கீதம் சீனிவாச ராவின் கால யந்திரப் படம் ஆகியவை இந்த இடைவெளியில் இருக்கின்றன. தொடர்ச்சி இருந்தது; அது நினைவில் இல்லை. நினைவில் இல்லாததால்தான் ‘முதல்’ என்ற விளம்பரம் இன்னும் செல்லுபடியாகிறது. 2018இல் ‘டிக் டிக் டிக்’ இந்தியாவின் முதல் விண்வெளிப் படம் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. ‘கலை அரசி’யையும் இந்தியின் ‘சாந்த் பர் சடாயி’யையும் (1967) யாரும் பொருட்படுத்தவில்லை. 2021 நவம்பரில் தமிழின் முதல் ‘டைம் லூப்’ படம் எது என்று சண்டை வந்தது: 19ஆம் தேதி ‘ஜாங்கோ’, 25ஆம் தேதி ‘மாநாடு’. ஆறு நாள் வித்தியாசத்தில் முடிவாகும் முதன்மைக்கு வரலாற்று மதிப்பு எவ்வளவு என்பது யோசிக்க வேண்டியது.

‘முதல்’ தேடும் இந்தப் பழக்கத்தை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் போன்றவர்கள் தனி ஆளாகத் தகவல் திரட்டியிராவிட்டால் இந்தப் படங்களின் பெயர்கூட நமக்குக் கிடைத்திருக்காது. ‘முதல்’ தேடும் இந்தத் தரப்பு, ஒரு படம் எப்போது வந்தது என்பதைச் சொல்லும். வந்தது என்ன என்பதைச் சொல்லாது.

அறிவியல் எவ்வளவு வேண்டும்?

இரண்டாவது தரப்பு கறாரானது. ‘லாஜிக் இல்லை’ என்பது அதன் ஆயுதம். தமிழில் இந்தத் தரப்புக்கு உரம் போட்டவர் சுஜாதா. பொறியாளர், ‘என் இனிய இயந்திரா’வையும் அதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’வையும் எழுதியவர், வாசகர்களின் அறிவியல் கேள்விகளுக்குப் பத்திரிகையில் பதில் சொன்னவர். அவரைப் படித்து வளர்ந்த தலைமுறை படத்திலும் விளக்கத்தை எதிர்பார்த்தது. 2008இல் சுஜாதா மறைந்த பின் வெளிவந்த ‘எந்திரன்’ அந்த எதிர்பார்ப்பை ஓரளவு நிறைவேற்றியது: இயந்திரத்துக்கு உணர்ச்சி கொடுத்தால் என்ன சிக்கல் வரும் என்பதுதான் அதன் மையம், சண்டைக் காட்சிகள் வருமுன்பாவது.

எட்டு ஆண்டுகள் கழித்து அந்தப் படத்தின் ரோபோவான அதே சிட்டி, தொடர்ச்சியான ‘2.0’இல் மோதுவது இறந்துபோன பறவை ஆர்வலரின் ஆரா சக்தியோடு. முதல் படம் ஆய்வுக்கூடத்தில் விளக்கம் தேடியது; இரண்டாவது ஆவிக்கும் ஆற்றலுக்கும் நடுவே நின்றது. செல்போன் கோபுரக் கதிர்வீச்சால் பறவைகள் சாகின்றன என்ற அதன் அடிப்படைக்கு எதிராக செல்போன் நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியம்வரை புகார் கொண்டுபோனது. ரசிகர் சண்டை ஒரு தொழில்துறையின் சண்டையாகவும் மாறிய அபூர்வ சந்தர்ப்பம். கதிர்வீச்சுக்கும் சிட்டுக்குருவிகள் குறைந்ததற்கும் நேரடித் தொடர்பு நிறுவப்படவில்லை என்பது கறார்த் தரப்பின் வாதம். படத்தின் கவலை பறவைகளைப் பற்றியது, அலைவரிசையைப் பற்றியதல்ல என்பது மறுதரப்பின் பதில். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை.

‘ஏழாம் அறிவு’ (2011) இன்னும் நல்ல உதாரணம். காஞ்சியிலிருந்து போன போதிதர்மரின் திறமைகள் வம்சாவளியின் மரபணுவில் தூங்குகின்றன, அவற்றை எழுப்பலாம் என்கிறது படம். கற்ற வித்தை அப்படி மரபணுவில் இறங்குவதில்லை. பள்ளி உயிரியல் பாடமே இதற்குப் போதும். ஆனால் ரசிகர்கள் அந்தப் படத்துக்காகச் சண்டை போட்டது உயிரியலுக்காக அல்ல, முன்னோர் பெருமைக்காக. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் எங்கள் முன்னோர் என்ற வாய்மொழிக் கதை கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்களிடம் உண்டு; எட்கர் தர்ஸ்டன் 1909இலேயே அதைப் பதிவு செய்திருக்கிறார். நூற்றாண்டுகள் கடந்தும் ஒரு நினைவு நிலைத்திருக்கிறது, சொல்லிச் சொல்லி. மரபணுவைவிட அந்த வழி நிஜமானது. படத்துக்கு ஏனோ அது போதவில்லை.

கறார்த் தரப்பின் பலவீனம், அளவுகோலைச் சரியாகப் பிடித்தால் உலகப் படங்களும் தேறாது என்பது. 1902இல் ஜார்ஜ் மெலியேஸ் பீரங்கியால் சுட்டு மனிதர்களை நிலவுக்கு அனுப்பினார். காற்றே இல்லாத வெளியில் ‘ஸ்டார் வார்ஸ்’ கப்பல்கள் உறுமிக்கொண்டு போகின்றன. எச்.ஜி. வெல்ஸின் கால யந்திரம் எப்படி ஓடுகிறது என்று வெல்ஸே சொல்லவில்லை. அயல் படத்துக்கு ஒரு தராசு, தமிழ்ப் படத்துக்கு வேறு தராசு என்ற குற்றச்சாட்டு இங்கிருந்துதான் எழுகிறது, அதில் நியாயம் இருக்கிறது.

விமர்சகர் டார்கோ சுவின் 1970களில் முன்வைத்த வரையறை இந்தச் சிக்கலைத் தாண்ட உதவலாம். நம் உலகத்திலிருந்து விலகிய ஒரு புதுமை கதையில் இருக்க வேண்டும். அதன் விளைவுகள் அறிவுக்குப் பொருந்தும் விதத்தில் விரிய வேண்டும் என்பது அதன் சாரம். விஞ்ஞானம் சரியா என்பது பின்னுக்குப் போய், படம் தான் போட்ட விதியைத் தானே காக்கிறதா என்பது முன்னுக்கு வருகிறது. இந்த அளவுகோலில் ஆர். ரவிக்குமாரின் ‘இன்று நேற்று நாளை’ (2015) உயர்ந்து நிற்கிறது. கையில் கால யந்திரம் கிடைத்த இரண்டு நண்பர்கள் உலகைக் காக்கப் புறப்படவில்லை. தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுத்துக் காசு பார்க்கிறார்கள். ஒருவன் ஜோசியக்காரன் வேறு. கடந்த காலத்தில் செய்த ஒரு சிறு குளறுபடியால் சாக வேண்டிய ரவுடி பிழைத்துவிட, நிகழ்காலம் கலைகிறது. விதி ஒன்று, விளைவு அதன்படி. அடுத்த ஆண்டு வந்த ‘24’ தொழில்நுட்பத்தில் பல மடங்கு பளபளப்பானது. ஆனால் கைக்கடிகாரம் 24 மணி நேரம்தான் பின்னால் போகும் என்று சொல்லிவிட்டு, தேவைப்படும்போது அந்த எல்லையைத் தள்ளி வைத்துக்கொண்டது. ரசிகர்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது சரியே.

புராணத்திலேயே இருக்கிறது

மூன்றாவது தரப்புக்கு இந்தப் பிரிவினையே பிடிக்காது. புஷ்பக விமானமும் சஞ்சயனின் தூரதிருஷ்டியும் இருக்கும் மரபுக்கு அறிவியல் புனைவு இறக்குமதிச் சரக்கா என்று கேட்கும். இந்த வாதத்துக்கு இரண்டு வடிவங்கள் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று, முன்னோர் உண்மையிலேயே விமானம் ஓட்டினார்கள் என்பது. அதற்குச் சான்று கிடையாது, மேலும் விவாதிக்க ஒன்றுமில்லை. மற்றது, இந்திய மனத்துக்குப் பழகிய தொன்மங்களையும் மரபறிவையும் கொண்டு அறிவியல் புனைவை எழுத முடியும் என்பது. ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுப்பு இந்த இரண்டாவது திசையில் நடந்த தீவிரமான முயற்சி. சினிமாவில் ‘மாநாடு’ தன் கால வளையத்துக்கு உஜ்ஜயினி காலபைரவர் கோயிலைக் காரணமாக்கியது; நாயகன் அப்துல் காலிக் கலவரத்தின் நடுவே அந்தக் கோயிலில் பிறந்தவன். விளக்கம் புராணம்தான், ஆனால் வளையம் போட்ட விதியைப் படம் மீறவில்லை, அரசியலும் அதற்குள் இயல்பாகப் பொருந்தியது. தமிழிலும் வெளியான ‘கல்கி 2898 ஏடி’ (2024) குருக்ஷேத்திரத்தையும் எதிர்காலத்தையும் நேராகவே இணைத்தது.

இந்தத் தரப்பின் ஆபத்து, எதையும் விளக்காமல் தப்பிக்கத் தெய்வம் வசதியான கதவாகிவிடுவது. சாமி செய்தது என்றால் கேள்வி முடிந்தது. அறிவியல் புனைவோ கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

சுட்ட படமா?

‘இது ஹாலிவுட்டில் சுட்டது’ என்ற தரப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘டிக் டிக் டிக்’ வந்தபோது ‘ஆர்மகெடான்’ (1998) பெயர் அடிபட்டது. ஒற்றுமைகளைப் பட்டியலிடுவது எளிது. பட்டியல் போட்ட பிறகு என்ன என்பதுதான் தெரிவதில்லை. எதிர்த் திசையிலும் இப்படியொரு வழக்கு உண்டு. சத்யஜித் ராய் 1967இல் எழுதிய ‘தி ஏலியன்’ திரைக்கதை படமாகவில்லை, 1982இல் ‘ஈ.டி.’ வந்தபோது தன் கதையின் சாயலை ராய் சுட்டிக்காட்டினார், அதன் இயக்குநர் ஸ்பீல்பர்க் மறுத்தார். ராயை அந்தத் திரைக்கதைக்குத் தூண்டியவர்களில் இலங்கையில் குடியேறியிருந்த ஆர்தர் சி. கிளார்க்கும் ஒருவர். எது எங்கிருந்து வந்தது என்று தேடினால் நூல் கொழும்புவரை நீள்கிறது.

பொம்மைப் படமும் தமிழ்க் குரலும்

சினிமாவைப் பற்றிய வாதங்களில் அனிமேஷன் தொடர்கள் வருவதே இல்லை. இதுதான் வழக்கின் பெரிய ஓட்டை. நகரத்துக்கு வெளியே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில் பலர் கால யந்திரத்தை முதலில் பார்த்தது சினிமாவிலாக இருக்க வாய்ப்பு குறைவு. 22ஆம் நூற்றாண்டிலிருந்து ரோபோ பூனை டோரேமான் வந்திறங்கிய மேஜை இழுப்பறையில்தான் பார்த்திருப்பார்கள்.

இதற்கு முன்வரலாறு சிவகாசியில் இருக்கிறது. 1972இல் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கியது. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் அந்த ஆங்கிலேய நாயகனை மாவட்டம் தோறும் பிள்ளைகள் தமிழனாகவே ஏற்றுக்கொண்டார்கள். 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. உடல் மறைந்தால் உடுப்பு எப்படி மறையும் என்ற கேள்வி ‘லாஜிக்’ சண்டைகளின் முன்னோடி.

அடுத்த அலைக்கு அரசின் கையும் இருந்தது என்று கருத இடமுண்டு. 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. 2007 ஏப்ரலில் சுட்டி டிவி தொடங்கியது; ஜாக்கி சான் கார்ட்டூன் தமிழ் பேசியது, டோரா தமிழ் பேசினாள். கார்ட்டூன் நெட்வொர்க்கின் தமிழ் ஒலியில் ‘பென் 10’ வந்தது. அதே ஆண்டுகளில் தமிழ்த் தலைப்புக்குக் கேளிக்கை வரி விலக்கு என்ற கொள்கையும் நடைமுறைக்கு வந்தது. ‘ரோபோ’ என்று பேசப்பட்ட படம் ‘எந்திரன்’ ஆனதில் அதற்குப் பங்குண்டு. படம், பெட்டி, குரல் மூன்றும் ஒரே சமயத்தில் தமிழாயின. இவற்றுக்கிடையே நேரடிக் காரண காரியம் இருந்ததாக நிறுவ முடியாது. ஆனால் 2015இல் ‘இன்று நேற்று நாளை’க்குக் கால யந்திரத்தை விளக்கிப் பாடம் எடுக்கத் தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்கலாம்.

டப்பிங் பற்றிய சண்டை இதிலிருந்து பிறந்தது. ஒரு தரப்பு மூலக் குரலே புனிதம் என்கிறது: ஜப்பானியத் தொடரை ஜப்பானியத்தில், வசன வரிகளோடு பார்க்க வேண்டும், தமிழாக்கும்போது உள்ளூர் நகைச்சுவையை இட்டு நிரப்பிக் கெடுக்கிறார்கள். மறுதரப்புக்கு அந்த நகைச்சுவைதான் தொடரே. தமிழ் ஜாக்கி சான் மூலத்தைவிட ருசி என்று சத்தியம் செய்வார்கள். இதை வெறும் ரசனைச் சண்டையாக விடுவதற்கில்லை. வசன வரிகள் ஓடும் வேகத்தில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவருக்கே மூலக் குரல் திறக்கும். கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலோ கருமந்துறையிலோ தமிழ்வழிப் பள்ளியில் படிக்கும் குழந்தைக்குத் தமிழ்க் குரல் மட்டுமே நுழைவாயில். சாலை வசதியே நீதிமன்றம்வரை பேசப்படவேண்டியிருக்கிற மலையில், ‘மூலத்தில் பார்’ என்ற அறிவுரைக்குப் பொருள் குறைவு. இந்த விஷயத்தில் இக்கட்டுரை டப்பிங் தரப்பின் பக்கமே சாய்கிறது. மோசமான தமிழாக்கத்தை அது மன்னிக்கிறது என்று பொருளல்ல.

சந்தையும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டதாகத் தெரிகிறது. 2023இல் ‘ஸ்பைடர்-மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்-வெர்ஸ்’ தமிழ் உட்பட 10 மொழிகளில் இந்தியாவில் வெளியானது. 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்’ தமிழிலும் திரையரங்குக்கு வந்தது. இவை அறிவியல் புனைவா, மாயப் புனைவா என்று கேட்டால் மீண்டும் சண்டை. ‘டீமன் ஸ்லேயர்’ சந்தேகமில்லாமல் இரண்டாவது வகை.

சொந்தத் தயாரிப்பில் கதை சோகமானது. சென்னையின் பென்டாஃபோர் நிறுவனம் 2000இலேயே ‘சிந்துபாத்’ படத்தை முழுக்க மோஷன் கேப்சரில் எடுத்தது, அது ஆங்கிலத்தில். தமிழில் ‘இனிமே நாங்கதான்’ (2007) வந்தது, போனது. ‘கோச்சடையான்’ (2014) வந்தபோது பேச்சு முழுவதும் ரஜினியின் முகச்சாயல் பொருந்தியதா என்பதைச் சுற்றியே நடந்தது. அனிமேஷன் ஒரு கலையாகத் தமிழில் என்ன செய்யலாம் என்று கேட்க ஆளில்லை. திறமை இருந்தது, கூலிக்கு வேலை செய்யும் ஸ்டுடியோக்களும் இருந்தன. தமிழ்த் தொடர் ஒன்று நிலைக்கவில்லை.

தீர்ந்தவையும் தீராதவையும்

முதலிடத்தைப் பற்றி இப்படிச் சொல்லலாம் என்று தோன்றுகிறது: தமிழ்நாட்டு ஸ்டுடியோ ஒன்று அறிவியல் புனைவின் அனுமானத்தைத் தொட்ட முதல் முயற்சிகளில் ‘காடு’ ஒன்று, அந்த அனுமானத்தின்மேல் முழுக்கதையையும் கட்டிய முதல் தமிழ்ப் படம் ‘கலை அரசி’. ‘எந்திரன்’ தொடக்கமல்ல, பெருஞ்செலவில் வந்த பிற்கால உச்சம். இந்தத் தீர்ப்பும் கிடைத்துள்ள தகவலுக்கு உட்பட்டதே. 1930, 40களின் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றின் பிரதியே இன்று இல்லை. அவற்றில் ஒன்று இந்த வரிசையைக் குலைக்கக்கூடும்.

அறிவியலின் அளவு பற்றிய வாதத்தில், தன் விதியைத் தானே காப்பது என்ற அளவுகோல் மற்றவற்றைவிடப் பயன்படுகிறது. அது ‘மாநாடு’ போன்ற புராண விளக்கப் படத்தையும் உள்ளே விடுவதால் கறார்த் தரப்பு ஒப்புக்கொள்ளாது. அந்த இடம் திறந்தே கிடக்கட்டும்.

திறந்து கிடக்கும் இன்னொன்று பார்வையாளர் வரலாறு. ‘காடு’ சேலத்தைச் சுற்றிய ஊர்களில் எத்தனை நாள் ஓடியது, ‘கலை அரசி’ பார்த்தவர்கள் வேற்றுக் கோளை நம்பினார்களா சிரித்தார்களா, சுட்டி டிவி தொடர்களுக்குக் குரல் கொடுத்தவர்கள் யார் யார் என்பவை ஒழுங்காகத் தொகுக்கப்படவில்லை. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019இல். அதற்கு முந்தைய திரையரங்கு வரலாறு தென்னார்க்காடு, விழுப்புரம் கணக்குகளில் கரைந்திருக்கிறது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கத்து வீடுகளின் பரணில் பழைய பட நோட்டீஸ்களோ பாட்டுப் புத்தகங்களோ காமிக்ஸ் இதழ்களோ இருந்தால் எடைக்குப் போட்டுவிட வேண்டாம். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இத்தகைய அச்சுப் பொருள்களைப் பாதுகாக்கிறது. கொடுப்பதற்கு முன் எந்த ஊரில், எந்தக் கொட்டகையில் கிடைத்தது என்பதைப் பின்பக்கம் பென்சிலால் எழுதிக் கொடுங்கள்.